பூங்காவை அழகாக்குவதற்கு முன் ஒரு கணக்கு

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ஒரு மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் சென்னைப் பூங்கா. கொஞ்சம் தள்ளி பறக்கும் ரயிலுக்கு ஒரு நிலையம், அதன் பெயர் பூங்கா நகர். தினமும் எத்தனையோ பேர் இந்த இரண்டு இடத்திலும் ஏறி இறங்குகிறார்கள். "பூங்கா பூங்கா என்கிறார்களே, எங்கே அந்தப் பூங்கா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பெரிதாகக் கைகாட்ட ஒன்றும் இல்லை.

உண்மையில் அங்கே ஒரு பூங்கா இருந்தது. சின்னதில்லை, 116 ஏக்கர். 1859இல் சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் ஆரம்பித்து வைத்த மக்கள் பூங்கா. குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாசிக்க மேடை, பிற்பாடு ஒரு மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்ததாம். நம் தாத்தா பாட்டிகள் "உயிர் காலேஜ்" என்று சொன்னார்களே, அது இங்கேதான் இருந்தது. (எழும்பூர் மியூசியத்துக்குப் பெயர் "செத்த காலேஜ்". அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்களின் குசும்பே தனி! :-))

அந்த 116 ஏக்கர் என்ன ஆனது? ஒரு மூலையில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. இன்னொரு மூலையில் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பிறகு விளையாட்டு அரங்கம். 1985இல் விலங்குகளும் வண்டலூருக்குப் போய்விட்டன. மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரும் ஒரே நாளில் வந்து பூங்காவை அழிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஊருக்கு ஒரு மண்டபம் வேண்டாமா? கடைத்தெரு வேண்டாமா? மாநகராட்சிக்கு ஒரு அலுவலகம் வேண்டாமா? விளையாட ஸ்டேடியம் வேண்டாமா? எல்லாமே வேண்டும்தான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பூங்கா போச்சு. பூங்காக்களைப் பராமரிக்கும் மாநகராட்சியின் தலைமை அலுவலகமே ஒரு பூங்காவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது இந்தக் கதையின் தமாஷான பகுதி.

என்னடா, பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இது முழுக்க முழுக்க கணக்குப் பிரச்சினை. பூங்கா நிலத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் வருமானம் என்று எதுவும் இல்லை. அதனால் அதை எடுத்தால் நஷ்டம் இல்லை என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. வாய்ப்புச் செலவு என்று முதல் வருடம் படித்தோமே, அதை இந்த இடத்தில் யாருமே எழுதி வைப்பதில்லை.

மேம்பாடு என்றால் என்ன?

இப்போது எங்கள் பேட்டைக்கு வருகிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், உங்கள் பேட்டையிலும் இதே கதைதான் இருக்கும். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா. சில வருடங்களுக்கு முன் அதை "மேம்படுத்தினார்கள்". வாசலில் ஒரு வளைவு, நடுவில் ஒரு நீரூற்று, சுற்றிலும் பேவர் பிளாக் பதித்த நடைபாதை, ஃபைபரில் இரண்டு மான் பொம்மை, கொஞ்சம் கொரியன் புல். திறப்பு விழாவுக்குப் பந்தல் எல்லாம் போட்டார்கள்.

நீரூற்று மூன்று மாதம் ஓடியது. அப்புறம் மோட்டார் ரிப்பேர். இன்று அந்தத் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கி, கொசு வளர்கிறது. புல் காய்ந்து போய் மண் தெரிகிறது. மான் ஒன்றுக்குக் கொம்பு இல்லை. இப்போது மறுபடியும் "மேம்பாட்டுப் பணி" என்று பேச்சு அடிபடுகிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடும் மண் மூலையையும் சேர்த்துத் தளம் போடப் போகிறார்களாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பதினொன்றாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம், முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. நீரூற்று கட்டுவது முதலினச் செலவு. அதற்குக் கல்வெட்டு உண்டு, புகைப்படம் உண்டு. மோட்டாரைப் பார்த்துக்கொள்வதும், தண்ணீர் ஊற்றுவதும், கழிவறையைக் கழுவுவதும் வருவாயினச் செலவு. அதற்குக் கல்வெட்டு கிடையாது. எந்த ஊரிலாவது "இந்தக் கழிவறை 365 நாளும் கழுவப்பட்டது" என்று கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா?

ஒரு உதாரணத்துக்கு, ஒரு பூங்காவுக்கு 50 லட்சம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 லட்சத்தையும் கட்டுமானத்தில் போட்டு, அதன் ஆயுள் பத்து வருடம் என்று நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வருடத்துக்கு 5 லட்சம். ஆனால் பராமரிப்பு இல்லாததால் அது மூன்றே வருடத்தில் குப்பையாகிறது. அப்போது உண்மையான தேய்மானம் வருடத்துக்கு கிட்டத்தட்ட 17 லட்சம். அதே பணத்தில் 20 லட்சத்துக்கு மட்டும் கட்டி, மீதி 30 லட்சத்தைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 3 லட்சம் பராமரிப்புக்கு வரும். இரண்டாவது பூங்கா முதல் நாளில் அவ்வளவு பளபளப்பாக இருக்காது. ஆனால் பத்தாவது வருடமும் பூங்காவாக இருக்கும். அரசாங்கக் கணக்கில் இந்தத் தலைப்பில் இருக்கும் பணத்தை அந்தத் தலைப்புக்கு மாற்ற முடியாது என்பார்கள். சரி, அப்படியானால் பராமரிக்க முடியாததைக் கட்டாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

மயிலாப்பூரில் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மரம், பெஞ்சு, நடைபாதை, செஸ் ஆடும் பெரியவர்கள், மைக் இல்லாமல் நடக்கும் கச்சேரி. ஒரு தனியார் நிதி நிறுவனம் பராமரிப்பை ஏற்றிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான், தினமும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். எல்லாப் பூங்காவையும் கம்பெனிகளிடம் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வசதியான பேட்டைக்கு ஒரு கம்பெனி கிடைக்கும், வியாசர்பாடிக்கு யார் வருவார்கள்?

யார் வருகிறார்கள், யார் வருவதில்லை

பூங்கா என்றாலே நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961லேயே அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை மறுத்தார். பூங்கா இருப்பதால் மட்டும் ஒரு பேட்டை நன்றாகிவிடாது, காலை முதல் இரவு வரை வேறு வேறு வேலையாக வேறு வேறு ஆட்கள் வந்து போனால்தான் அந்த இடம் உயிரோடும் பாதுகாப்பாகவும் இருக்கும் என்பது அவர் வாதம்.

நம் பூங்காவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு நடைப்பயிற்சி மாமாக்கள். சாயங்காலம் குழந்தைகளும் அம்மாக்களும். இடையில்? எங்கள் பூங்காவில் மதியம் பூட்டுத்தான் தொங்குகிறது. உணவு டெலிவரி செய்யும் பையன்கள் பைக்கை நிழலில் நிறுத்திவிட்டுப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு வீட்டில் வேலை பார்க்கும் அக்காக்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தை மூடிய கடைப் படிக்கட்டில் கழிக்கிறார்கள். மே மாத வெயிலில் நிழல் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் கேட் பூட்டியிருக்கிறது. "தொறந்து வெச்சா கண்டவன் வந்து படுத்துக்குவான் தம்பி" என்றார் காவலாளி. களைத்தவன் கொஞ்சம் படுத்தால்தான் என்ன? ஆல மரத்தடியில் அசதிக்குத் துண்டை விரித்துப் படுத்தவனை நம் ஊரில் யாரும் எழுப்பி விரட்டியதில்லையே!

இன்னொரு விஷயம். பத்து வயது தாண்டிய பெண் பிள்ளைகளைப் பூங்காவில் பார்த்திருக்கிறீர்களா? 1990களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் இதை உட்கார்ந்து கவனித்தார்கள். சுமார் ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது திடீரென்று குறைந்து போவது தெரிந்தது. பெரிய திறந்த மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, இவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே பெரிய மைதானத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள், பாதைகளைச் சீராக்கினார்கள், வேறு விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். யாரையும் விரட்டவில்லை, சட்டம் போடவில்லை. இடத்தைப் பிரித்த விதம் மாறியது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைச் செய்ய வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வாரம், மணிக்கு ஒரு தடவை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதினால் போதும். பூங்காவில் சுத்தமான பெண்கள் கழிவறை இல்லையென்றால் எத்தனை அம்மாக்கள் அரை மணி நேரத்தில் கிளம்புகிறார்கள் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

நாய்க்கு இடமா என்று முறைக்காதீர்கள்

இந்த இடத்தில் பாதிப் பேர் கோபப்படுவீர்கள் என்று தெரியும். "மனுஷனுக்கே இடம் இல்லை, நாய்க்குப் பூங்காவா?" நியாயமான கேள்விதான். ஆனால் நான் நாய்ப் பிரியர்களுக்காகப் பேசவில்லை. நாயைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்காகத்தான் முக்கியமாகப் பேசுகிறேன்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறின. ஊரே பதறிப் போனது. அதன் பிறகு உரிமம், தடுப்பூசி, கழுத்துப்பட்டை என்று விதிகள் இறுகின. 2025இல் உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. எல்லாம் சரி. ஆனால் இந்த ஊரில் இத்தனை வீடுகளில் நாய் இருக்கிறதே, அவை எல்லாம் எங்கே ஓடும்? எந்த விதியிலும் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் அவை நம் தெருவில் ஓடும், நடைபாதையில் ஓடும், குழந்தைகள் விளையாடும் மணலில் அசிங்கம் செய்யும். இடம் கொடுக்காததால் நாய் மறைந்துவிடாது, எல்லா இடத்துக்கும் பரவும்.

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் 1979இல் ஓலோனி நாய்ப் பூங்கா தொடங்கியது. நாய்களுக்கென்றே வந்த முதல் பூங்காக்களில் ஒன்று அது. நம் பக்கத்தில் ஹைதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாபூரில் 1.3 ஏக்கரில் நாய்ப் பூங்கா திறந்தது. முன்பு குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடம் அது. ஆகவே இது நடக்காத காரியம் இல்லை.

ஆனால் நம் வார்டுப் பூங்காக்கள் எல்லாம் கைக்குட்டை அளவு. ஒவ்வொன்றிலும் நாய்க்கு வேலி போட முடியாது, போடவும் கூடாது. என் யோசனை இதுதான். மண்டலத்துக்கு ஒன்றாவது, மேம்பாலத்துக்கு அடியிலோ, சும்மா கிடக்கும் அரசு நிலத்திலோ நாய்களுக்கென்று ஒரு இடம் வேண்டும். ஒரு கதவைச் சாத்தின பிறகுதான் அடுத்த கதவைத் திறக்கும் மாதிரி இரட்டைக் கதவு வேண்டும், அப்போதுதான் நாய் தப்பித்துத் தெருவுக்கு ஓடாது. பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் தனித்தனிப் பகுதி, ஒரு தண்ணீர்க் குழாய், நிழல், கழிவைப் போட ஒரு தொட்டி. அவ்வளவு போதும். மார்பிள் சிலை எல்லாம் நாய்க்குத் தேவையில்லை, அது காலைத் தூக்க மட்டும்தான் உதவும் :-)

காசே செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் காலை 9 மணி வரையும், இரவு 9 மணிக்குப் பிறகும், குறித்த பகுதிகளில் மட்டும் நாய்களை அவிழ்த்துவிடலாம். மற்ற நேரம் கயிற்றில்தான். இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரிக்கிறார்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. உரிமத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லுங்கள். வீடு வீடாகப் போய் அபராதம் போடுவதைவிட, மக்கள் தாமாகவே உரிமம் வாங்க இது நல்ல காரணம். தண்டனை மட்டும் இருந்தால் ஆட்கள் ஒளிவார்கள். ஏதாவது ஒரு பயன் சேர்ந்தால் வரிசையில் வந்து நிற்பார்கள்.

தெரு நாய்களின் கதை வேறு. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று கொடுத்த உத்தரவில், தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, வார்டு தோறும் அதற்கென்று தனி இடம் குறிக்க வேண்டும் என்றது. அந்த இடத்தை எங்கே குறிப்பது? பூங்கா வாசலில், குழந்தைகள் போகும் வழியில் குறித்தால் வம்புதான். பூங்காத் திட்டம் போடும்போதே இதையும் சேர்த்து யோசித்தால் சண்டை பாதி குறையும். தனித்தனியாக யோசித்தால் அந்த வார்டில் தினமும் பஞ்சாயத்துதான்.

கொஞ்சம் காடாகவே விடுங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் நினைவிருக்கும். அன்று சாய்ந்த மரங்களில் தூங்குமூஞ்சி, குல்மொகர் மாதிரி வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை நிறைய. வேகமாக வளரும், சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்பதற்காக நட்டவை. அதே காரணத்துக்காகப் பிற்பாடு கோனோகார்ப்பஸ் மரத்தை ஊரெல்லாம் நட்டார்கள். 2025இல் அதைத் தமிழக அரசே தடை செய்தது. இங்கேயும் திறப்பு விழா அவசரம்தான் பிரச்சினை. புன்னையும் மகிழமும் இலுப்பையும் நாவலும் ஒரு அமைச்சரின் பதவிக் காலத்துக்குள் நிழல் தந்துவிடாது. ஆனால் நம் பேரன் பேத்திக்குத் தரும்.

இயற்கை என்றால் வெட்டி ஒழுங்கு செய்த புல்தரை என்று நினைக்கிறோம். பட்டாம்பூச்சியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பூவில் தேன் குடித்தால் மட்டும் அது வாழ்ந்துவிடாது. முட்டையிட அதற்கென்று செடி வேண்டும். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி எருக்கஞ்செடியில் முட்டையிடும். நம் பூங்காவில் எருக்கு முளைத்தால் என்ன நடக்கும்? களை என்று பிடுங்கிவிட்டு, சுவரில் ஒரு பட்டாம்பூச்சிப் படம் வரைவார்கள்!

ஆகவே ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மூலையை, பத்தில் ஒரு பங்கு போதும், அப்படியே விட்டுவிடலாம். அங்கே சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம். அது மக்கி உரமாகட்டும். பாம்பு வரும், கொசு வரும் என்று பயப்படுவார்கள். வேலி போட்டு, பாதையிலிருந்து தள்ளி வைத்தால் அந்தப் பயம் குறையும். கொசு காட்டில் மட்டும் வளர்வதில்லை. டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில், தொட்டியில், டயரில் வளர்வது. எங்கள் பூங்காவின் நின்று போன நீரூற்று அதற்கு நல்ல வீடு.

தண்ணீர் என்றதும் ஒன்று. 2015 வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது. பூங்கா என்பது மண் தெரியும் கடைசி இடங்களில் ஒன்று. அதிலும் போய் பேவர் பிளாக் போட்டு மூடினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? உங்கள் வீட்டுக்குள்தான். மழைநீரை உறிஞ்சும் பஞ்சுப் பூங்காக்களைச் சென்னை மாநகராட்சியே அமைத்து வருகிறது, அது பாராட்ட வேண்டிய விஷயம். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். சிமெண்டுக் கால்வாயாக நேராக ஓடிய காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டரை உடைத்து, வளைந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை பெய்தால் கரையோரப் புல்வெளியே ஆறாகிறது. வெயிலில் அதே இடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். நீர்நாய்கள்கூட வந்து குடியேறின. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லைதான். ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு வேலை கொடுக்கும் யோசனைக்குப் பணம் தேவையில்லை.

எல்லா இயற்கை இடத்திலும் எல்லோரும் புகுந்து விளையாட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அடையாறு தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கரில் 2011இல் திறந்தபோது, கழிமுகத்தை மீட்பதுதான் முதல் வேலை என்று ஆட்கள் வருவதைக் கட்டுப்படுத்தினார்கள். அது சரியே. நாய்க்கு ஓட்டம் வேண்டும், பறவைக்கு அமைதி வேண்டும், பாட்டிக்கு நிழல் வேண்டும், பையனுக்கு மண் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அரை ஏக்கரில் திணித்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஊர் முழுவதையும் ஒரு வரைபடத்தில் வைத்து, எந்த இடம் எதற்கு என்று பிரிப்பதுதான் திட்டமிடல். தனித்தனியாக டெண்டர் விடுவதற்குப் பெயர் வேறு.

காசு கொடுத்தால்தான் காற்றா?

கதீட்ரல் சாலையில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்காவும், அதன் எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் நல்ல பூங்காக்கள்தான். இரண்டாவதில் ஜிப்லைன் எல்லாம் உண்டு. திறந்தபோது பெரியவர்களுக்குக் கட்டணம் 100 ரூபாய் என்று வைத்தார்கள். அப்பா, அம்மா, அம்மாவோடு வந்த பாட்டி என்று மூன்று பேர் போனாலே 300 ரூபாய். நுழைவுக் கட்டணத்தில் பராமரிப்பு நடக்கும் என்ற வாதம் எனக்கும் புரிகிறது. வருடத்துக்கு ஒருமுறை போகும் இடத்துக்கு அது பரவாயில்லை. தினமும் போகும் இடம் இலவசமாகத்தான் இருக்க வேண்டும்.

2024 அக்டோபரில் மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டார்கள். வடசென்னையில் கால்பந்து ஆடும் பையன் 120 ரூபாய்க்கு எங்கே போவான்? எதிர்ப்பு கிளம்பியது, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். கேட்டால் நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

யார் கேட்பது?

பொது இடம் என்றால் எல்லோரும் பயன்படுத்திக் கெடுத்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளாதாரம் படிக்கும் எல்லோருக்கும் அது பாடம். எலினோர் ஆஸ்ட்ரம் உலகம் முழுவதும் மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி இடங்களைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னார். பயன்படுத்துகிறவர்களே உட்கார்ந்து விதிகளை வகுத்து, அவர்களே கண்காணித்தால் பொதுச் சொத்து தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்று காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். நம் ஊரில் ஏரி மடையைத் திறக்க நீர்க்கட்டியை வைத்தவர்களுக்கு அவர் சொன்னது புதிதாக இருந்திருக்காது.

அப்படி உட்காருவதற்கு இப்போது சட்டப்படி இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை மாதிரி நமக்கும் ஒன்று. என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், பகுதி சபை என்ற பெயரைக்கூடப் பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை.

கோர்ட்டும் நம் பக்கம்தான். பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் நல்ல காரணம்தானே! அந்தப் பகுதிக்காரர்கள் விடவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உறுதி செய்தது. ஒரு பேட்டைவாசிக்குத் தன் பூங்காவுக்காக வழக்குப் போட உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. மக்கள் பூங்காவைத் தின்றது இதே மாதிரி நல்ல காரணங்கள்தான். அன்று கேட்க ஆள் இல்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் பேட்டைப் பூங்காவுக்கு மேம்பாடு என்று பலகை வைத்தால், கான்கிரீட் லாரி வருவதற்கு முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. இந்த மதிப்பீட்டில் பராமரிப்புக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு?
2. எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மதியம் திறந்திருக்குமா, பெண்கள் கழிவறை இருக்குமா?
3. இப்போது இருக்கும் மண் தரையில் எவ்வளவு மூடப் போகிறீர்கள்?
4. எந்த மரத்தை வெட்டுகிறீர்கள், எந்த மரத்தை நடுகிறீர்கள்?
5. நாய் வளர்ப்பவர்களுக்கு இங்கே இடமா, நேரமா, இல்லை பக்கத்தில் வேறு இடமா?

வாயால் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005இல் வந்தது. 10 ரூபாய் செலவு, 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு டீயை விட்டால் போதும்.

எங்கள் பேட்டைப் பூங்காவுக்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த மண் மூலையைத் தொட வேண்டாம் என்றுதான் இருக்கிறது. கையெழுத்து இதுவரை பதினேழு, அதில் ஆறு பேர் ஓட்டுப் போடும் வயதுக்கு வராத கிரிக்கெட் டீம். அடுத்த பகுதி சபைக்கு நாங்கள் போகிறோம். நீங்கள் உங்கள் பகுதிக்குப் போங்கள். அங்கே என்ன பதில் கிடைத்தது என்று வந்து சொல்லுங்கள். நாய்ப் பகுதியில் என்னோடு சண்டை போட நினைப்பவர்களும் தாராளமாக வரலாம்!